டர்போ காருக்கு கம்ப்ரஷன் ரேஷியோ 8.5-ஆ, 10-ஆ? தப்பா தேர்ந்தெடுத்தா இன்ஜினே காலி! | எக்ஸ்ப்ளெய்னர்

பழைய இன்ஜினில் டர்போ மாட்டி பவரை ஏத்தணும்னு நினைக்கிற கார் பிரியர்கள் முதலில் கேட்பது, "எந்த டர்போ வாங்கலாம்?" என்ற கேள்வியைத்தான். ஆனால் இன்ஜின் பிழைக்குமா, பிஸ்டன் உருகுமா என்பதை முடிவு செய்வது இன்னொரு எண். அதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ.

இந்த எண்ணை ஒருமுறை முடிவு செய்து இன்ஜினை மூடிவிட்டால், மறுபடி மாற்ற ஹெட்டைக் கழற்றணும், பிஸ்டனை மாற்றணும், செலவு முதலில் இருந்து ஆரம்பிக்கும். டர்போ பூஸ்டை லேப்டாப்பில் கூட்டிக் குறைக்கலாம். கம்ப்ரஷன் ரேஷியோவை அப்படி மாற்ற முடியாது. அதனால், வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டிய விஷயம் இது.

எண் குறைவா இருந்தா நல்லதா? அதிகமா இருந்தா நல்லதா? கார் கம்பெனிகள் என்ன செய்தன? நம்ம ஊர் பெட்ரோலுக்கு எது சரி? எல்லாத்தையும் எளிமையா பார்க்கலாம்.

கம்ப்ரஷன் ரேஷியோன்னா என்ன?

சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இருக்கும்போது மேலே நிறைய இடம் இருக்கும். பிஸ்டன் மேலே வந்ததும் அந்த இடம் சுருங்கிவிடும். பெரிய இடத்தைச் சின்ன இடத்தால் வகுத்தால் வருவதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ.

உண்மையான இன்ஜினை வைத்தே கணக்குப் பார்ப்போம். டொயோட்டா சுப்ரா காரில் வந்த 2ஜேஇசட் இன்ஜின், டர்போ பிரியர்கள் மத்தியில் உலகம் முழுக்கப் பிரபலம். 6 சிலிண்டர், மொத்தம் 2,997 சிசி. அதாவது ஒரு சிலிண்டருக்குச் சுமார் 499.5 சிசி.

இதே இன்ஜினை டொயோட்டா இரண்டு விதமாகத் தயாரித்தது:

• டர்போ இல்லாத 2ஜேஇசட்-ஜிஇ: கம்ப்ரஷன் ரேஷியோ 10. பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் 55.5 சிசி.

• டர்போ உள்ள 2ஜேஇசட்-ஜிடிஇ: கம்ப்ரஷன் ரேஷியோ 8.5. மிஞ்சும் இடம் 66.6 சிசி.

ஒரு சிலிண்டருக்கு வெறும் 11 சிசி வித்தியாசம். ஒரு மேசைக்கரண்டியில் பிடிக்கிற தண்ணீரைவிடக் கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான். ஆனால் இந்த 11 சிசிக்காகத்தான் டொயோட்டா தனி பிஸ்டனே செய்தது. கூடவே, டர்போ மாடலில் பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடும் உண்டு.

டர்போ வந்தா ஏன் ரேஷியோவைக் குறைக்கணும்?

சைக்கிளுக்குக் காத்தடிச்சவங்களுக்கு இது தெரியும். பம்பை நாலு தடவை வேகமா அடிச்சா, அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். இன்ஜினுக்குள் நடப்பதும் அதேதான், பல மடங்கு வேகத்தில்.

டர்போ செய்வது என்ன? புகைக்குழாய் வழியாக வெளியேறும் வாயுவின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை முன்கூட்டியே அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம், அதனால் பெட்ரோலும் அதிகம், பவரும் அதிகம். ஆனால் ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றைப் பிஸ்டன் மறுபடி அழுத்துகிறது. அழுத்தமும் ஏறும், சூடும் ஏறும்.

ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து பரவ ஆரம்பிக்கும். அந்தத் தீ வந்து சேர்வதற்குள், தூரத்து மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் அதற்குப் பெயர்தான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும்.

நாக்கிங் ஏன் இவ்வளவு ஆபத்து?

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவோ 2,000 டிகிரியைத் தாண்டும். அப்படின்னா சாதாரண நாளில் அலுமினிய பிஸ்டன் ஏன் உருகுவதில்லை?

பிஸ்டனின் மேல்பரப்பை ஒட்டி, ஓரளவு குளிர்ந்த மெல்லிய வாயுப் படலம் ஒன்று கவசம் போல நிற்கிறது. பிஸ்டன் தன் சூட்டை ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்குக் கடத்தியும் விடுகிறது. நாக்கிங்கில் எழும் அதிர்வலை அந்தக் கவசத்தைக் கலைத்துவிடும். சூடு நேராகப் பிஸ்டனில் இறங்கும். ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம், பிஸ்டன் நடுவில் ஓட்டை விழலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம்.

டர்போ இல்லாத காரில் லேசான நாக்கிங்கை இன்ஜின் கொஞ்ச நாள் தாங்கும். முழு பூஸ்டில் ஓடும் டர்போ இன்ஜினுக்குச் சில விநாடிகளே போதும்.

8.5-க்கும் 10-க்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ரேஷியோ அதிகமானால் எரிபொருளிலிருந்து அதிக வேலையைப் பிழிந்தெடுக்கலாம் என்பது உண்மை. பாடப்புத்தகக் கணக்குப்படி 8.5 ரேஷியோவின் திறன் 57.5%, 10 ரேஷியோவின் திறன் 60.2%. நிஜ இன்ஜினில் இரண்டுமே இதைவிட ரொம்பக் குறைவாகத்தான் வரும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ இதே விகிதத்தில் இருக்கும். அதாவது 10-லிருந்து 8.5-க்கு இறங்கினால் சுமார் 5% இழப்பு.

இப்போது மறுபக்கம். 8.5 ரேஷியோ இன்ஜினில் 0.8 பார் பூஸ்ட் கொடுத்தால், பிஸ்டன் மேலே வரும்போது அழுத்தம் சுமார் 36 பார் ஆகும். 10 ரேஷியோ இன்ஜினில் அதே 36 பாரைத் தாண்டாமல் இருக்கணும்னா, சுமார் 0.43 பார் பூஸ்டோடு நிறுத்திக்கொள்ளணும்.

இதில் உள்ளே போகும் காற்றின் அளவு முக்கியம். வெளியே இருக்கும் சாதாரண காற்றழுத்தம் 1 பார். ஆக முதல் இன்ஜினுக்கு மொத்தம் 1.8 பார், இரண்டாவதுக்கு 1.43 பார். குறைந்த ரேஷியோ இன்ஜினுக்குள் 25% அதிகக் காற்று போகிறது.

கூட்டிக் கழித்துப் பாருங்க. திறனில் 5% போச்சு, காற்றில் 25% வந்துச்சு. நிகர லாபம் சுமார் 20% பவர். டர்போ இன்ஜினில் ரேஷியோவைக் குறைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அப்போ இன்னும் குறைச்சா இன்னும் நல்லதுதானே?

இல்லை. அந்த 20% லாபம் டர்போ முழு பூஸ்டில் இருக்கும்போது மட்டும்தான். சிக்னலில் நின்று கிளம்பும்போது, டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது, டர்போ இன்னும் வேகம் பிடிக்காத அந்த நேரத்தில் எல்லாம் கார் அந்த 5% இழப்போடுதான் ஓடும். பிக்கப் மந்தமா தெரியும், மைலேஜ் குறையும்.

ஆரம்பகால டர்போ கார்கள் அப்படித்தான் இருந்தன. 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போவின் ரேஷியோ வெறும் 6.5. 3 லிட்டர் இன்ஜின், 260 குதிரைத்திறன், 0.8 பார் பூஸ்ட். கீழ் வேகத்தில் தூங்கி வழிந்து, பூஸ்ட் வந்ததும் திடீரென்று பாயும் கார் என்று அதற்குப் பெயர். 1977-ல் அறிமுகமான ஸ்வீடனின் சாப் 99 டர்போவில் ரேஷியோ 7.2.

அளவுக்கு அதிகமாகக் குறைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. எரிந்த வாயு விரிந்து வேலை செய்வது குறைவதால், மிச்சச் சூடெல்லாம் புகைக்குழாய்க்குப் போகும். எக்ஸாஸ்ட் வால்வும் டர்போவும் கூடுதல் சூட்டைத் தாங்கியாகணும்.

1962-லேயே 10.25 ரேஷியோவில் டர்போ கார்! என்ன ஆச்சு?

ரேஷியோவைக் குறைக்காமலே டர்போ மாட்டிய முயற்சியும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1962-ல் கொண்டுவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் கார் அது. டர்போவோடு விற்பனைக்கு வந்த உலகின் முதல் கார்களில் ஒன்று. ரேஷியோ 10.25. அந்தக் காலத்து பெட்ரோலுக்கு டர்போவோடு சேர்த்தால் இது ரொம்பவே அதிகம்.

நாக்கிங்கைத் தடுக்க அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் ஊற்றி, பூஸ்ட் ஏறும்போது இன்ஜினுக்குள் தெளித்தார்கள். திரவம் ஆவியாகும்போது காற்று குளிரும். தொழில்நுட்பம் சரியாகத்தான் வேலை செய்தது.

சிக்கல் எங்கே வந்தது? காருக்குச் சொந்தக்காரர்கள் பெட்ரோல் போட்டார்களே தவிர, அந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைத்துவிடும் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. ஆனால் அப்படி ஆனதும் கார் மந்தமாகிவிடும். புகார்கள் குவிய, 1963-உடன் ஜெட்ஃபயர் நிறுத்தப்பட்டது. பிறகு வாடிக்கையாளர்களின் கார்களிலிருந்து டர்போவை எடுத்துவிட்டு, சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தரும் வேலையையும் நிறுவனம் செய்தது.

இன்றைக்கு டர்போ பில்ட் செய்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தினமும் யாராவது ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையை நம்பி ரேஷியோவை உயர்த்தினால், ஒருநாள் அது மறந்துபோகும்.

அப்போ இப்போ வர்ற கார்களில் 10.5 எப்படி சாத்தியம்?

இன்றைய சின்ன டர்போ கார்களைப் பார்த்தால் கணக்கு தலைகீழா தெரியும். ஃபோக்ஸ்வாகனின் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜினில் ரேஷியோ 10.5. டொயோட்டா ஜிஆர் யாரிஸின் 1.6 லிட்டர் 3 சிலிண்டர் டர்போவிலும் 10.5. மாஸ்டாவின் 2.5 லிட்டர் டர்போவிலும் 10.5. டர்போ இல்லாத 2.5 லிட்டர் மாஸ்டாவில் அது 13.

இதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும்போது, அது அங்கேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. ஜெட்ஃபயரில் தனித் திரவம் செய்த வேலையில் ஒரு பங்கை இப்போது பெட்ரோலே செய்கிறது. ஊற்ற மறக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாவது, நாக் சென்சார். நாக்கிங் ஆரம்பிக்கும் அதிர்வைக் கண்டுபிடித்து, அடுத்த சுற்றுகளிலேயே இன்ஜின் கம்ப்யூட்டர் சரிசெய்துவிடும். 1980-களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் ஏபிசி என்ற பெயரில் இப்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நாக்கிங் தெரிந்தால் பூஸ்டைத் தானாகக் குறைக்கும். அதன் பிறகுதான் சாப் தன் டர்போ இன்ஜினின் ரேஷியோவை 7.2-லிருந்து 8.5-க்கு உயர்த்த முடிந்தது.

மூன்றாவது, வால்வு திறந்து மூடும் நேரத்தையும் குளிரூட்டலையும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் வசதி.

இவ்வளவு இருந்தும், உச்ச பவர் வேணும்னா கம்பெனிகள் ரேஷியோவை இறக்கத்தான் செய்கின்றன. மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் எம்139 இன்ஜின் 2 லிட்டர்தான், 4 சிலிண்டர்தான். ஆனால் 421 குதிரைத்திறன். பூஸ்ட் 2.1 பார் வரை போகும். அதன் ரேஷியோ 9. டைரக்ட் இன்ஜெக்ஷன் இருந்தும் 9-தான்.

ரேஷியோவை ஓடும்போதே மாற்ற முடியாதா என்று கேட்டால், அதையும் நிசான் செய்து காட்டிவிட்டது. விசி-டர்போ என்ற இன்ஜினில் பிஸ்டன் எவ்வளவு உயரம் ஏறணும் என்பதை ஒரு லிங்க் அமைப்பு மாற்றும். மெதுவாகப் போகும்போது 14, முழு பூஸ்டில் 8. 2024-ல் இந்தியாவுக்கு வந்த நிசான் எக்ஸ்-டிரெயிலில் இந்த வகை 1.5 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் இது ஒர்க்ஷாப்பில் செய்யக்கூடிய வேலை கிடையாது.

எஃப்1 காரில் மட்டும் 18 எப்படி?

ஃபார்முலா 1 கார்களும் டர்போதான். ஆனால் 2025 வரையிலான விதியில் 18 வரை ரேஷியோ வைக்க அனுமதி இருந்தது. 2026 விதியில் இது 16.

காரணம், அங்கே கட்டுப்பாடு எரிபொருளுக்கு. 2014-ல் வந்த விதிப்படி மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் இன்ஜினுக்குள் போகக்கூடாது. காற்றை எவ்வளவு தள்ளினாலும் பெட்ரோல் அளவு மாறாது. அதனால் ஒவ்வொரு சொட்டிலிருந்தும் அதிக வேலை வாங்கியாகணும், ரேஷியோ ஏறியாகணும். நம்ம ஊர் பில்டில் பெட்ரோலுக்கு அப்படி வரம்பு கிடையாது. நாக்கிங்தான் வரம்பு. எஃப்1 எண்ணைப் பார்த்து நம்ம காருக்கு முடிவெடுத்தால் தப்பாயிடும்.

நம்ம ஊர் பெட்ரோலுக்கு எது சரி?

ரேஷியோவை முடிவு செய்யும் முதல் விஷயம் பெட்ரோல். நாக்கிங்கைத் தாங்கும் சக்தியை ஆக்டேன் எண் சொல்லும். இந்த எண்ணில் ஒரு பெரிய பொறி இருக்கு. யூடியூப் பார்த்து இன்ஜின் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்தியாவில் பங்க்குகளில் சொல்லப்படுவது ஆர்.ஓ.என் என்ற அளவு. அமெரிக்க பங்க்குகளில் எழுதியிருப்பது வேறு அளவு. ஆர்.ஓ.என், எம்.ஓ.என் என்ற இரண்டு அளவுகளின் சராசரி அது. ஒரே பெட்ரோலுக்கு அமெரிக்க எண் 4, 5 புள்ளி குறைவாகவே காட்டும்.

• அமெரிக்க 87 என்பது ஏறத்தாழ ஆர்.ஓ.என் 91 – 92

• அமெரிக்க 91 என்பது ஏறத்தாழ ஆர்.ஓ.என் 95 – 96

• அமெரிக்க 93 என்பது ஏறத்தாழ ஆர்.ஓ.என் 98

அமெரிக்க வீடியோவில் ஒருவர், "93 பெட்ரோலில் 9.5 ரேஷியோ, 1 பார் பூஸ்ட், ஜம்முன்னு ஓடுது" என்று சொன்னால், அவர் ஊற்றியது நம்ம கணக்கில் 98. அதே செட்டப்பை இங்கே 91 ஆர்.ஓ.என் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜின் போயிடும்.

இந்தியாவில் பிஎஸ்-6 சாதா பெட்ரோலுக்கான அளவு ஆர்.ஓ.என் 91. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இது 95 ஆக உயர்ந்திருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் விளக்கம் அளித்தது. சில பங்க்குகளில் 95, 99, 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலும் கிடைக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது.

அதனால் விதி எளிது. கார் போகக்கூடிய இடத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த ஆக்டேன் எதுவோ, அதை வைத்துத்தான் ரேஷியோவைத் தேர்ந்தெடுக்கணும். 100 ஆக்டேனை நம்பி இன்ஜின் கட்டிட்டு, நடுவழியில் சாதா பெட்ரோல் போட நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெட்ஃபயரே சாட்சி.

எத்தனால் ஆவியாகும்போது அதிகச் சூட்டை உறிஞ்சும் என்பதால் நாக்கிங்குக்கு எதிராக நல்லாவே உதவும். ஆனால் எத்தனால் அதிகமானால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் அதற்கு ஈடுகொடுக்கணும். இல்லாவிட்டால் எரிபொருள் பற்றாமல் சூடு ஏறி, வேறு வழியில் அதே ஆபத்து வரும்.

இன்டர்கூலர் சரியில்லைன்னா ரேஷியோவைக் குறைத்தும் பலன் இல்லை

இதைப் பலர் கவனிப்பதில்லை. 40 டிகிரி வெயிலில் 0.8 பார் பூஸ்ட் கொடுத்தால், ஓரளவு நல்ல டர்போவிலிருந்தே காற்று சுமார் 120 டிகிரி சூட்டில் வெளியே வரும். இன்டர்கூலர்தான் அதை ஆற்றி அனுப்புகிறது.

47 டிகிரி காற்று சிலிண்டருக்குள் போவதாக வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகக் கணக்கில் 10 ரேஷியோவில் அழுத்தி முடிக்கும்போது அது சுமார் 530 டிகிரி ஆகும். 8.5 ரேஷியோவில் சுமார் 480 டிகிரி. ஆக, ரேஷியோவைக் குறைத்ததால் 50 டிகிரி லாபம்.

இப்போது இன்டர்கூலர் சின்னதா இருக்கு, காற்று 20 டிகிரி கூடுதல் சூட்டில் 67 டிகிரியாக உள்ளே போகுதுன்னு வைங்க. 8.5 ரேஷியோவிலும் சூடு கிட்டத்தட்ட 527 டிகிரிக்குப் போய்விடும். பிஸ்டனுக்குச் செலவழித்த காசு மொத்தமும் வீண்.

அதனால் பட்ஜெட் குறைவா இருந்தா, முதலில் நல்ல இன்டர்கூலருக்கு ஒதுக்குங்க. பிஸ்டன் அடுத்தது.

"எஃபெக்டிவ் கம்ப்ரஷன்" ஃபார்முலாவை நம்பலாமா?

பல இடங்களில் ஒரு சுருக்குவழி சொல்வார்கள். ரேஷியோவை மொத்த பூஸ்ட் அழுத்தத்தால் பெருக்கினால் "எஃபெக்டிவ் ரேஷியோ" வரும், அது ஒரு வரம்பைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பார்கள்.

அதன்படி 8.5 ரேஷியோவும் 0.8 பார் பூஸ்டும் சேர்ந்தால் 15.3. 10 ரேஷியோவுக்கு 0.53 பார் கொடுத்தாலும் அதே 15.3. இரண்டும் சமம் என்று அந்த ஃபார்முலா சொல்லும். ஆனால் மேலே பார்த்தபடி, 10 ரேஷியோவில் 0.43 பாரிலேயே அழுத்தம் சமமாகிவிட்டது. சூடும் 50 டிகிரி அதிகம். அதாவது, உயர்ந்த ரேஷியோவின் ஆபத்தை இந்த ஃபார்முலா குறைத்துக் காட்டுகிறது. ஒரு தோராயத்துக்குப் பார்க்கலாம், அதை வைத்து பிஸ்டன் ஆர்டர் செய்யக்கூடாது.

தடிமனான கேஸ்கெட் போட்டால் போதாதா?

ரேஷியோவைக் குறைக்க மலிவான வழி, ஹெட் கேஸ்கெட்டைத் தடிமனா போடுவது. பிஸ்டன் மாற்ற வேண்டாம், செலவு கம்மி. ஆனால் இதில் சிக்கல் இருக்கு.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும்படி பல இன்ஜின்களை வடிவமைக்கிறார்கள். அந்த இடுக்கிலிருந்து கலவை பிதுங்கி நடுவுக்குப் பாயும்போது நன்றாகக் கலக்கும், வேகமாக எரியும். நாக்கிங்கைத் தடுக்கும் ஏற்பாடு இது.

2ஜேஇசட்-ஜிஇ இன்ஜினின் போர் 86 மில்லிமீட்டர். கேஸ்கெட்டில் 1 மில்லிமீட்டர் கூட்டினால் 5.8 சிசி கிடைக்கும். 10-லிருந்து 8.5-க்கு வர 11 சிசி வேணும். அதாவது கேஸ்கெட்டை மட்டும் வைத்துச் செய்தால் 1.9 மில்லிமீட்டர் கூட்டணும். 1 மில்லிமீட்டர் இருந்த இடுக்கு கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். நாக்கிங்கைக் குறைக்கப் போய், நாக்கிங்கைத் தடுத்துக்கொண்டிருந்த அமைப்பையே கெடுத்த கதை.

நடுவில் குழிவுள்ள ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுவதுதான் சரியான வழி. விளிம்பு அதே உயரத்தில் இருக்கும், குழிவு மட்டும் தேவையான சிசியைத் தரும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய இன்ஜின் என்றால் ஹெட் ஃபேஸிங் ஏற்கெனவே நடந்திருக்கலாம். ஹெட்டைச் சீவினால் இடம் குறையும், ரேஷியோ ஏறும். 66.6 சிசியில் வெறும் 2.5 சிசி குறைந்தாலே 8.5 என்பது 8.8 ஆகிவிடும். அதனால் கம்பெனி புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்பாமல், ஹெட்டைக் கழற்றி, பியூரெட்டில் திரவம் விட்டு உண்மையான சிசியை அளக்கணும்.

சரி, எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வொரு இன்ஜினுக்கும் மாறும் என்றாலும், பில்டர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு இது:

• பழைய வகை போர்ட் இன்ஜெக்ஷன், சாதா பெட்ரோல், நல்ல பூஸ்ட்: 8.5 முதல் 9 வரை

• போர்ட் இன்ஜெக்ஷன், உயர் ஆக்டேன் பெட்ரோல், மிதமான பூஸ்ட், தினசரி ஓட்டம்: 9 முதல் 9.5 வரை

• டைரக்ட் இன்ஜெக்ஷன், நாக் சென்சார், நல்ல இன்டர்கூலர்: 9.5 முதல் 10.5 வரை

• எத்தனால் அதிகமுள்ள எரிபொருள் மட்டுமே பயன்படுத்தும் டிராக் கார்: 10-க்கு மேலும் போகலாம்

• 10 ரேஷியோ இன்ஜினைத் திறக்காமலே டர்போ மாட்டினால்: பூஸ்ட் 0.3, 0.4 பார் அளவில் நிற்கணும், டியூனிங்கும் கவனமா இருக்கணும்

இரண்டு எண்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால், போர்ட் இன்ஜெக்ஷன் காரில் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. ரேஷியோவில் 1 புள்ளி குறைந்தால் போவது சுமார் 3% திறன். ரேஷியோ அதிகமாகி நாக்கிங் வந்தால், கம்ப்யூட்டர் பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். அப்படித் தள்ளும்போது அந்த 3 சதவீதமும் போகும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். காகிதத்தில் கிடைத்த லாபம் சாலையில் கிடைக்காது.

டீசல் டர்போவில் மட்டும் 15, 16 எப்படி?

டீசல் இன்ஜினில் அழுத்தப்படுவது வெறும் காற்று. பிஸ்டன் மேலே வந்த பிறகுதான் டீசல் தெளிக்கப்படும். முன்கூட்டியே வெடிக்க உள்ளே எரிபொருளே இருக்காது. சொல்லப்போனால் அந்தச் சூட்டில்தான் டீசலே பற்றுகிறது. அதனால் டீசல் எண்ணையும் பெட்ரோல் எண்ணையும் ஒப்பிடவே கூடாது.

இதெல்லாம் ரோட்டில் ஓட்டலாமா?

பவர் ஏத்துறதுக்கு முன்னாடி சட்டத்தையும் பார்க்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2019-ல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். வாரண்டி போகும். இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் பிரச்சினை வரலாம்.

ஆகவே இந்த மாதிரி பில்டுக்குச் சரியான இடம் ரேஸ் டிராக். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று தமிழ்நாட்டிலேயே இரண்டு டிராக் இருக்கு.

சுருக்கமா சொன்னா...

• முதலில் எரிபொருள், அடுத்து பூஸ்ட் இலக்கு, அதற்குப் பிறகுதான் ரேஷியோ. வரிசை மாறக் கூடாது.

• குறைந்த ரேஷியோ, அதிக பூஸ்ட் என்றால் உச்ச பவர் கிடைக்கும். கொஞ்சம் உயர்ந்த ரேஷியோ, மிதமான பூஸ்ட் என்றால் தினசரி ஓட்ட சுகம், மைலேஜ் கிடைக்கும்.

• அமெரிக்க ஆக்டேன் எண்ணை இந்திய எண்ணாக மாற்றிப் பார்க்காமல் எந்த செட்டப்பையும் காப்பியடிக்காதீங்க.

• இன்டர்கூலரில் மிச்சம் பிடிக்காதீங்க. 20 டிகிரி சூடு கூடினால், 1.5 புள்ளி ரேஷியோ குறைத்த பலன் போயிடும்.

• கேஸ்கெட்டை நம்பாமல் பிஸ்டனை மாற்றுங்க. சிசியை அளந்து பார்த்த பிறகே இன்ஜினை மூடுங்க.